அந்த மூன்று மாதங்களைப் பாடமாக்குங்கள்: பொது அறுவை சிகிச்சை மாணவர்களின் மாவட்டப் பணி குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககம்
மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககம்
தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை பயிலும் ஒவ்வொருவரும் மூன்றாண்டுப் படிப்பில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்பது இன்றைய விதி. 2020இல் அறிவிக்கப்பட்ட மாவட்ட உறைவிட மருத்துவர் திட்டம் 2023ஆம் ஆண்டின் முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகளிலும் தொடர்கிறது. மூன்று, நான்கு, ஐந்தாம் பருவங்களில் ஏதாவது ஒன்றில் போக வேண்டும். அதைத் திருப்திகரமாக முடிக்காதவர் இறுதித் தேர்வு எழுத முடியாது. மொத்தம் 36 மாதங்களில் 3 மாதம். அந்த 3 மாதங்களைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

நாங்கள் சேலம் மாவட்டத்தில் அறுவை சிகிச்சை செய்பவர்கள், அதைக் கற்பிப்பவர்கள். விதியை நீக்கச் சொல்லி எழுதவில்லை. எங்கள் துறைக்கு இவ்வளவு நல்ல விதி நெடுநாளாக வந்ததில்லை என்பதே எங்கள் எண்ணம். ஆனால் அது நடக்கும் விதம் எங்களை வருத்துகிறது. மாணவர் போகிறார், புறநோயாளிகளுக்குச் சீட்டு எழுதுகிறார், இரவில் அவசரப் பிரிவில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பார்க்கிறார், சான்றிதழோடு திரும்புகிறார். கத்தியைத் தொடாமலே மூன்று மாதம் கழிந்துவிடுவதும் உண்டு. எந்த மாணவரையும், எந்த மருத்துவமனையையும் இதற்காகக் குறை சொல்ல மாட்டோம். குறை இரண்டு இயக்ககங்களுக்கு நடுவே இருக்கிறது. மாணவர் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் பொறுப்பு. அவர் போகும் மாவட்ட, வட்ட மருத்துவமனைகள் ஊரக நலப் பணிகள் இயக்ககத்தின் பொறுப்பு. அனுப்புகிறவருக்கு அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாது. பெற்றுக்கொள்கிறவருக்கு வந்தவர் எதைக் கற்க வந்தார் என்று யாரும் சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் ஒரு மருத்துவமனைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு டாக்டர் கிடைத்தால், எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே அவரை வைத்து அடைப்பார்கள். அது இயல்புதான்.

கல்லூரி மருத்துவமனையில் கிடைக்காத எதை மாவட்டத்தில் கற்க முடியும் என்று கேட்கப்படுகிறது. கேள்வி நியாயமானது. கல்லூரியில் நோய் பெரிதாக இருக்கிறது, கருவிகளும் பெரிதாக இருக்கின்றன. வயிறு வலிக்கிறது என்று வருபவர் ஒரு மணி நேரத்தில் சி.டி. ஸ்கேன் அறைக்குள் போய்விடுவார். சிறுநீர்ப்பை என்றால் யூராலஜி, ரத்தக்குழாய் என்றால் வாஸ்குலர், எலும்பு என்றால் ஆர்த்தோ. இதில் நோயாளிக்கு நன்மையே. ஆனால் மூன்றாண்டு முடிவில் அந்த மாணவர் உணவுக்குழாய் அறுவைக்கு உதவியாக நின்றிருப்பார். அறுக்கும் இடத்துக்கு மட்டும் மரப்பு மருந்து போட்டுக் குடலிறக்கம் ஒன்றைத் தானே சரிசெய்திருக்க மாட்டார். அடுத்த வருடம் ஆத்தூரிலோ எடப்பாடியிலோ அவர் ஒருவர்தான் சர்ஜன். அவர் பட்டத்தில் 'பொது' என்று ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பொருள் அங்கேதான் தெரியவரும்.

2015இல் வெளிவந்த லான்செட் உலக அறுவை சிகிச்சை ஆணைய அறிக்கை, முதல்நிலை மருத்துவமனை ஒன்று அறுவை சிகிச்சையில் தேறியதா என்று பார்க்க மூன்று சிகிச்சைகளை அளவுகோலாக வைத்தது: சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, வெளியே திறந்த எலும்புமுறிவுக்கான சிகிச்சை. நோயாளி இரண்டு மணி நேரத்துக்குள் இவை நடக்கும் இடத்தை அடைய வேண்டும் என்பது அதன் இலக்கு. மூன்றில் இரண்டை எங்கள் மாணவர்கள் படிப்புக் காலத்தில் தொடுவதே அரிது. சிசேரியனில் சிறுநீர்ப்பை கிழிந்தால் மாவட்ட மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவர் கூப்பிடுவது சர்ஜனைத்தான். கிழிசலின் விளிம்பையும் சிறுநீர்க்குழாய் வாய்களையும் பார்த்து உறுதி செய்து, கரையும் நூலால் இரண்டு அடுக்காகத் தைத்து, 10 முதல் 14 நாள் சிறுநீர் வடிய கதீட்டர் குழாய் வைக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்தவருக்கும், பத்து சிசேரியனில் எதிர்ப்பக்கம் நின்று அந்த இடத்தின் அமைப்பைக் கண்ணால் பழகியவருக்கும் உள்ள தூரம் பெரிது. திறந்த முறிவிலும் அப்படியே. முதல் மணி நேரத்தில் ஆன்டிபயாடிக், காயத்தின் கடுமைக்கு ஏற்ப 3 முதல் 9 லிட்டர் சலைனில் கழுவல், செத்த தசையை வெட்டி எடுத்தல், அசையாமல் கட்டுதல். நடக்கும் பிழை எப்போதும் ஒன்றே: காயம் சுத்தமாகத் தெரிகிறது என்று முதல் நாளே தோலை இழுத்துத் தைத்துவிடுவது. நான்காம் நாள் உள்ளே சீழ் கட்டியிருக்கும்.

சேர்வராயன் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,515 மீட்டர் மேலே. சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். அறுவடையின்போது மூங்கில் ஏணியிலிருந்து விழுகிறவர்களுக்கு முதுகெலும்பும் இடுப்பும் முறிகின்றன. இடுப்பு முறிவில் கட்டும் துணி தொடை எலும்பின் மேல்முனை உயரத்தில் இறுக வேண்டும். பெரும்பாலோர் அதை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில், வேட்டி கட்டும் இடத்தில் கட்டிவிடுகிறார்கள். அங்கே கட்டினால் முறிந்த வளையம் மூடாது, சில முறிவுகளில் இன்னும் விரியும். ஒரு படுக்கை விரிப்பு போதும். கட்டும் இடம்தான் உயிர்.

காட்டெருமை முட்டிய காயம் இன்னொன்று. வெளியே மூன்று சென்டிமீட்டர் ஓட்டைதான் தெரியும். கொம்பு உள்ளே போய் மேல்நோக்கித் திரும்பியிருக்கும். தொடையில் நுழைந்தது வயிற்றறைக்குள் முடிந்திருக்கலாம், மலக்குடலைக் கிழித்திருக்கலாம். விரலை விட்டு ஆழம் பார்த்துவிட்டு நாலு தையல் போட்டு அனுப்புவது ஆளைக் கொல்லும். தோலை நீட்டித் திறந்து தடம் முழுவதையும் பார்க்க வேண்டும். மலக்குடல் பரிசோதனை கட்டாயம். மண்ணும் இலையும் எடுத்துக் கழுவித் திறந்தே விட்டு, நாலைந்து நாள் கழித்துத்தான் தையல். டெட்டனஸ் தடுப்பூசியோடு, முன்பு ஊசி போட்ட வரலாறு தெரியாவிட்டால் இம்யூனோகுளோபுலினும் சேர வேண்டும். இதைக் கற்பிக்கச் சென்னையில் நோயாளி கிடைக்கமாட்டார்.

பாம்புக்கடியில் வீங்கிய காலுக்கும் சர்ஜனைத்தான் கூப்பிடுவார்கள், "அழுத்தம் ஏறுகிறது, கீறிவிட வேண்டுமா" என்று. ரத்தம் உறையாத நிலையில் கீறினால் நிற்காத கசிவு. முதலில் விஷமுறிவு மருந்து, உறைதல் சரியான பிறகே கத்தியைப் பற்றிய யோசனை. உறைதலைப் பார்க்க 20 நிமிடச் சோதனை இருக்கிறது: சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம், 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பது. குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலும், சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியாக இருந்தாலும், நல்ல ரத்தமும் உறையாமல் ஏமாற்றும். இந்தச் சின்ன விஷயம் தெரியாததால் தேவையில்லாமல் மருந்து ஏற்றப்படுவதும், அந்த மருந்தின் ஒவ்வாமையில் நோயாளி திணறுவதும் நடக்கிறது.

மலை இன்னொன்றும் கற்பிக்கிறது. கல்லூரியில் எந்த மாணவருக்கும் இது தோன்றியிருக்காது. 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கருவிகளைக் கொதிக்கவைப்பது அங்கே கீழே இருப்பதைவிட இன்னும் பலவீனமான வழி. அழுத்த நீராவியால் கிருமிநீக்கும் கலமான ஆட்டோக்ளேவிலும் இதே சிக்கல். அழுத்தமானி காட்டுவது சுற்றுப்புறக் காற்றழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும். சேலத்தில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு காட்டினால் உள்ளே 121 டிகிரி இருக்கும் என்று நம்பலாம். மலை மேல் அதே 15 காட்டும்போது உள்ளே 118 டிகிரி அளவில்தான் இருக்கும். 121 வேண்டுமென்றால் முள் 17.5 வரை போக வேண்டும். ஒவ்வொரு 1,000 அடிக்கும் அரை பவுண்டு கூட்டுவது கணக்கு. அந்தக் கலம் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டதா, அதன் பாதுகாப்பு வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கும் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். வெப்பத்தை நேரடியாக அளக்கும் தானியங்கிக் கலங்களுக்கு இந்தக் கவலை இல்லை. முள்ளைப் பார்த்து ஓட்டும் பழைய செங்குத்துக் கலங்களுக்கு உண்டு. கிருமிநீக்கத்துக்குத் துணி வைக்கும் டிரம்முக்குள் அதை இறுக்கித் திணித்தால் நீராவி நடுவே போகாது. டிரம்மின் பக்கத்துளைகளை உள்ளே வைக்கும்போது திறக்கவும், எடுத்தவுடன் மூடவும் மறந்தால் செய்தது அத்தனையும் வீண். வெளியே ஒட்டிய டேப் நிறம் மாறியது, கலம் சூடானது என்பதற்கு மட்டுமே சாட்சி. உள்ளே நடுவில் வைத்த காட்டிதான் உண்மையைச் சொல்லும். இந்த அறிவு இன்று தியேட்டர் செவிலியர்களிடம் இருக்கிறது. மாணவர் அவர்களிடம் போய் ஒரு வாரம் உட்கார்ந்து கற்க வேண்டும். ஐந்தாம் நாள் சீழ் பிடித்த காயத்துக்குக் காரணம் தேடும்போது, ஆன்டிபயாடிக்கை மாற்றும் முன் டிரம்மைப் பற்றிக் கேட்கிற சர்ஜனாக அவர் வருவார்.

மரப்பு மருந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். மாவட்ட மருத்துவமனைகளில் மயக்கவியல் மருத்துவர் எல்லா நாளும் கிடைப்பதில்லை. வயதான, இதயம் பலவீனமான குடலிறக்க நோயாளிக்கு இடத்தை மட்டும் மரக்கவைத்துச் செய்வதே பெரும்பாலும் பாதுகாப்பு. அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை போகலாம். நம் ஊர் விவசாயி 50 கிலோ என்றால் 350 மில்லிகிராம். இரண்டு சதவீத மருந்து 30 மி.லி. கொண்ட ஒரு குப்பியில் 600 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு குப்பியை முழுதாகப் போட்டாலே எல்லை தாண்டிவிடும். 17.5 மி.லி. எடுத்து, 52.5 மி.லி. சலைன் சேர்த்தால் அரை சதவீதத்தில் 70 மி.லி. கிடைக்கும், ஒரு பக்கக் குடலிறக்கத்துக்கு அது தாராளம். மருந்து போதவில்லை என்று நடுவில் நீர்க்காத மருந்தை உறிஞ்சுவதுதான் பிழை நடக்கும் தருணம். உதட்டைச் சுற்றி மதமதப்பு, காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை என்று நோயாளி சொன்னால் அடுத்து வலிப்பு. 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் கிலோவுக்கு 1.5 மி.லி., அதாவது இவருக்கு 75 மி.லி., உடனே ஏற்ற வேண்டும். அந்தப் பாட்டில் தியேட்டருக்குள் இருக்கிறதா என்று கத்தியைக் கையிலெடுக்கும் முன் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம்: முதுகில் மயக்க ஊசி போட்டவரே கை கழுவிக்கொண்டு அறுவையும் செய்வது எந்த நெருக்கடியிலும் மாணவருக்குக் காட்டக்கூடாத வழி. ரத்த அழுத்தம் சரியும் அந்தப் பத்து நிமிடங்களில் தலைமாட்டில் நிற்க இன்னொரு ஆள் வேண்டும்.

மார்பில் கட்டி என்று வரும் பெண்களின் விஷயம் எங்களுக்கு மிகவும் மனச்சுமை தருவது. தோட்ட வேலையும் தறி வேலையும் விட்டுவிட்டு ஒரு நாள் வந்திருப்பார். அடுத்த முறை வருவது நிச்சயமில்லை. அன்றே 14 கேஜ் ஊசியால் சதை எடுத்து அனுப்பிவிட வேண்டும். சதையைச் சலைனில் போட்டு அனுப்புவது, மருந்துக் குப்பியின் குறுகிய வாய்க்குள் திணிப்பது, பெயரை மூடியில் எழுதுவது என்று மூன்று வகையில் இது வீணாகிறது. 10 சதவீத ஃபார்மலின், சதையின் கன அளவைப்போல் பத்து மடங்கு, அகன்ற வாய், பெயர் புட்டியின் உடலில். முடிவு வந்ததும் அந்தப் பெண்ணைத் தேடிச் சொல்லப்போவது கிராம சுகாதார செவிலியர். அவருடைய தொலைபேசி எண் சீட்டில் இருக்க வேண்டும்.

இப்போது, எங்களைப் பொறுத்தவரை மாவட்டப் பணியின் தலையாய பாடத்துக்கு வருகிறோம்: யாரை இங்கேயே அறுப்பது, யாரை அனுப்புவது, எப்படி அனுப்புவது. கல்லூரி மாணவர் அவசரப் பிரிவில் நின்று, மலையிலிருந்து வரும் நோயாளியைப் பார்த்து "ஏன் இப்படி அனுப்பினார்கள்" என்று கோபப்படுவதைப் பார்த்திருக்கிறோம். அனுப்பும் பக்கம் ஒரு மாதம் நின்றால் அந்தக் கோபம் அறிவாக மாறும்.

மார்பில் அடிபட்டு நுரையீரல் சுருங்கியவரை மலைப்பாதையில் இறக்கும் முன்பே மார்புக்குழாய் போட வேண்டும். பத்தாவது வளைவில் ஆம்புலன்ஸுக்குள் போட முடியாது. ரத்தமும் இருந்தால் 28 முதல் 32 பிரெஞ்சு அளவுள்ள குழாய், ஐந்தாவது விலா இடைவெளி, அக்குள் நடுக்கோட்டுக்கு முன்னால். பிறகு நடப்பவைதான் ஆபத்து. ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது யாரோ பாட்டிலை நோயாளியின் வயிற்றின் மேல் வைப்பார்கள், தண்ணீர் மார்புக்குள் ஏறும். வழியில் கொட்டிவிடும் என்று குழாயைக் கவ்வி மூடுவார்கள், காற்று உள்ளே அடைந்து இதயத்தை நெருக்கும். பாட்டில் எப்போதும் மார்புக்குக் கீழே, குழாய் எப்போதும் திறந்து, இரண்டு இடத்தில் பிளாஸ்திரி. கூடப் போகிறவரிடம் இதை வாயால் சொல்லித் திருப்பிச் சொல்லவைக்க வேண்டும்.

ரத்தம் இழந்தவருக்கு இரண்டு கையிலும் பெரிய ஊசி, அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் ரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் பத்து நிமிடத்தில், அடுத்த 1 கிராம் எட்டு மணி நேரத்தில். ஆக்சிஜனையும் கணக்குப் போட வேண்டும். பி வகை சிலிண்டரில் ஏறக்குறைய 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் 150 நிமிடம். சாதாரண நாளில் அது சேலம் வரை தாராளம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, அப்படி ஒரு நாளில் 150 நிமிடம் போதாது. சுற்றுவழியையும் பாதி தீர்ந்த சிலிண்டரையும் எண்ணிப் பார்க்கிறவர் நோயாளியை அனுப்பும் முடிவையே வேறு விதமாக எடுப்பார்.

கல்லீரல் கிழிந்து வயிறு நிறைய ரத்தம் இருக்கும் நோயாளியை, துணி வைத்து அழுத்தி, தோலை மட்டும் மூடி அனுப்புவது தோல்வி அல்ல. எத்தனை துணி உள்ளே என்று கடிதத்தில் எண்ணிலும் எழுத்திலும் எழுதாவிட்டால்தான் தோல்வி. அடிபட்ட நேரம், கட்டுப் போட்ட நேரம், கொடுத்த மருந்தின் அளவும் மணியும், நோயாளிக்குக் கூட வந்தவர் யார், கீழே தொலைபேசியில் யாரிடம் பேசியது என்று ஒரு பக்கத்தில் எழுதும் பழக்கம் ஒரு அறுவைக்குச் சமமான திறமை. அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

இனி நாங்கள் கேட்பவை. பணம் அதிகம் தேவைப்படாதவற்றையே கேட்கிறோம்.

மாணவரை அனுப்பும் இடத்தை ஆளை வைத்துத் தேர்ந்தெடுங்கள், படுக்கை எண்ணிக்கையை வைத்து மட்டும் வேண்டாம். நிரந்தரப் பணியில் குறைந்தது இரண்டு சர்ஜன்கள், வாரத்தில் நான்கு நாளாவது மயக்கவியல் மருத்துவர், ஓடும் தியேட்டர், ரத்த சேமிப்பு மையம். இவை நான்கும் இல்லாத இடத்துக்கு மூன்றாம் பருவ மாணவரை அனுப்பாதீர்கள். ஒரு சர்ஜனுக்கு இரண்டு மாணவருக்கு மேல் வேண்டாம். அந்த சர்ஜன் இடமாறுதலில் போனால் அவரோடு மாணவர் பணியிடமும் நகர வேண்டும். அவருக்கு வருகை ஆசிரியர் என்ற பெயரையும் பல்கலைக்கழகம் எழுத்தில் தர வேண்டும். வருடக்கணக்கில் தனியாக வேலை செய்தவர்களிடம் கற்பிக்க எவ்வளவோ இருக்கிறது. ஒரு கடிதம் கொடுத்துக் கேட்டாலே மகிழ்ச்சியோடு தருவார்கள்.

பதின்மூன்று வாரத்தை இப்படிப் பிரிக்கலாம் என்பது எங்கள் யோசனை. முதல் வாரம் முழுவதும் தியேட்டர் செவிலியரோடும் மருந்துக் கிடங்கிலும்: கிருமிநீக்கம், துணி எண்ணிக்கை, மூன்று மாதத்துக்கு நூலும் மரப்பு மருந்தும் எவ்வளவு வேண்டும் என்று கணித்து இண்டெண்ட் எனும் தேவைப் பட்டியல் எழுதுவது. அடுத்த எட்டு வாரம் மேட்டூர் போன்ற மாவட்டத் தலைமை மருத்துவமனையில், பாதி நாள் தியேட்டர், வாரத்துக்கு ஒரு நாள் பிரசவ அறையும் சிசேரியனும். அதன்பின் மூன்று வாரம் வட்ட மருத்துவமனையில் அல்லது மலையில். கடைசி வாரம், தான் அறுத்த ஒவ்வொருவரையும் தொலைபேசியிலோ நேரிலோ பார்த்து, காயம் எப்படி இருக்கிறது என்று எழுதித் தருவது. கல்லூரியில் யூனிட் மாறிக்கொண்டே இருக்கும் மாணவர் தன் தையலின் முடிவைப் பார்ப்பதே இல்லை. காலத்தையும் கவனியுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை மலையில் காப்பியும் மிளகும் பறிக்கும் நாட்கள். கூலியை விட்டுவிட்டு யாரும் குடலிறக்கத்துக்குப் படுக்கமாட்டார்கள். அவசரக் காயங்கள்தான் வரும். திட்டமிட்ட அறுவையைக் கற்க ஜூன் முதல் செப்டம்பர் நல்லது.

எண்ணிக்கை வைக்காமல் எதுவும் நடக்காது என்பது அனுபவம். மூன்று மாதத்தில், மேற்பார்வையில் தானே செய்ததாக 10 குடலிறக்கம், அதில் 3 மரப்பு மருந்தில், 5 குடல்வால், 5 மார்புக்குழாய், வயிறு திறக்கும் அறுவையில் 3க்கு உதவி, 5 திறந்த முறிவில் முதல் சிகிச்சை, 20 நோயாளிகளுக்கு அடிபட்ட வயிற்றைத் தானே ஸ்கேன் செய்து பார்த்தல், 10 பரிந்துரைக் கடிதங்கள். செய்ததைப் பதியும் லாக் புக்கில் அன்றன்றே கையெழுத்து. மூன்றாம் மாதக் கடைசியில் ஒரே பேனாவில் எல்லாப் பக்கமும் கையெழுத்தாகி வரும் புத்தகத்தை ஏற்காதீர்கள்.

அனுப்பப்பட்ட நோயாளி என்னவானார் என்பதை 48 மணி நேரத்துக்குள் கல்லூரி அவசரப் பிரிவு அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டும். ஒரு குறுஞ்செய்தி போதும்: என்ன கண்டோம், என்ன செய்தோம், எதை நீங்கள் முன்பே செய்திருக்கலாம். இந்த ஒரு ஏற்பாடு மாணவருக்கு மட்டுமல்ல, பல ஆண்டுகளாகத் தாம் அனுப்பியவர்களின் கதி தெரியாமலே வேலை செய்யும் வட்ட மருத்துவர்களுக்கும் பள்ளிக்கூடமாகும். சனிக்கிழமை ஒரு மணி நேரம் இணையவழியில் இருபக்கமும் சேர்ந்து இறப்புகளையும் சிக்கல்களையும் பேசலாம். கல்லூரி ஆசிரியர் மாதம் ஒருமுறை மாவட்டத்துக்குப் போகட்டும்; ஆய்வு நாளில் வேண்டாம், அறுவை நாளில் போய்க் கை கழுவி நிற்கட்டும்.

தங்குமிடம் சிறு விஷயமாகத் தெரியலாம். இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் வர முடியாத தூரத்தில் மாணவர் தங்கினால், இரவில் வரும் ஓட்டை விழுந்த குடலும் அடைத்துக்கொண்ட குடலிறக்கமும் அவருக்குக் கிடைக்காது. பெண் மருத்துவர்களுக்கு வளாகத்துக்குள்ளேயே பூட்டும் கதவும் தண்ணீரும் உள்ள அறை கட்டாயம். இதில் சமரசம் செய்தால் திட்டம் பாதிப் பேருக்கு மட்டும் என்றாகிவிடும்.

மூன்று மாதம் போனால் சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோபி அறுவையில் பயிற்சி குறையும் என்று யூனிட் தலைவர்கள் சொல்கிறார்கள். கல்லூரியில் கைகள் குறைவதும் உண்மை. அதற்காக ஒரே நேரத்தில் ஒரு யூனிட்டிலிருந்து ஒருவருக்கு மேல் போகாதபடி வருட அட்டவணையை முன்கூட்டியே போட்டுவிடலாம். இடையில் திரும்பக் கூப்பிடும் வழக்கம் மட்டும் நிற்க வேண்டும். கிராமத்து ஏழைகள் மேல் கைபழகவா என்ற கேள்விக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். கல்லூரித் தியேட்டரில் எந்த அறுவைக்கு மூத்தவர் எதிரே நிற்க வேண்டுமோ, மாவட்டத்திலும் அதற்கு நிற்க வேண்டும். ஒரு படிகூடக் குறையக் கூடாது. இம்மலைகளில் வாழும், மலையாளி என்று பெயர்கொண்ட பழங்குடி மக்களிடம் ஒப்புதல் வாங்கும்போது படிவத்தில் கைநாட்டு வாங்கினால் முடிந்தது என்று இருக்கக் கூடாது. அறுப்பது யார், அருகில் நிற்பது யார் என்று அவர்களுக்குப் புரியும் பேச்சில் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தை ஒட்டி, தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே சிட்டிலிங்கியில் 1993 முதல் நடந்துவரும் பழங்குடியினருக்கான மருத்துவப் பணி நம் கண்முன் இருக்கிறது. சிறிய இடத்தில் கண்ணியமாகவும் தரமாகவும் சிகிச்சை செய்ய முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேட வேண்டியதில்லை. வாய்ப்புள்ள மாணவர்கள் அங்கே சில நாள் போய்ப் பார்த்துவர அனுமதி கொடுங்கள்.

பல்கலைக்கழகத்துக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். தேர்வில் வராததை யாரும் படிப்பதில்லை. எழுத்துத் தேர்வில் ஒரு கேள்வி மாவட்டச் சூழலிலிருந்து வரட்டும்: சி.டி. இல்லை, ரத்தம் இரண்டு யூனிட், மயக்கவியல் மருத்துவர் வர ஒரு மணி நேரம், குடல் ஓட்டை விழுந்த 55 வயதுக்காரர், என்ன செய்வீர்கள். வாய்மொழித் தேர்வில் மாவட்ட லாக் புக்கைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் அதிலிருந்தே கேளுங்கள்.

எல்லா மாவட்டத்திலும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. சேலத்தில் கல்லூரி மருத்துவமனையும், மேட்டூரில் தலைமை மருத்துவமனையும், ஆத்தூர், ஓமலூர், எடப்பாடி, சங்ககிரி, வாழப்பாடி என்று வட்டங்களும், மேலே மலையும் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன. அடுத்த பருவத்துப் பணியிடப் பட்டியல் தயாராகும் முன், இரு இயக்ககங்களின் அலுவலர்களும் இணை இயக்குநரும் கல்லூரி முதல்வரும் ஒரு மேசையில் அரைநாள் உட்கார ஆணையிடுங்கள். பதின்மூன்று வார அட்டவணை, லாக் புக் பக்கங்கள், ஒரு பக்கப் பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றின் மாதிரிகளை எழுதி வைத்திருக்கிறோம். கேட்ட நாளில் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
சேலம் மாவட்டத்தில் அறுவை சிகிச்சை செய்தும் கற்பித்தும் வரும் மருத்துவர்கள்